உளுந்து வெளிறினால் வேர் முடிச்சில் எதைப் பார்ப்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நெல்லைச் சீமையில் உளுந்தும் பாசிப்பயறும் இரண்டு விதமாகப் பயிராகின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவற்றின் ஆயக்கட்டு வயல்களில், பிசான நெல் அறுப்பை ஒட்டி மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பி விதைப்பது ஒன்று; சங்கரன்கோவில், மானூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து மானாவாரியாக விதைப்பது மற்றொன்று. நிலமும் பருவமும் வேறானாலும், விதைத்த மூன்றாம் நான்காம் வாரத்தில் எழும் முறையீடு ஒன்றே. "அண்ணாச்சி, பயிறு வெளிறிப்போச்சு, ஏதாவது கொடுங்க" என்று உரக்கடையில் கேட்பதும், அங்கிருந்து யூரியாவோடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. யூரியா போட்ட சில நாட்களில் செடி பச்சை கட்டுவது உண்மை. அதே நாட்களில், பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் வேர் முடிச்சுக்குள் இருக்கும் நொதிகள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதும் உண்மை. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் செடியைத் தோண்டி எடுத்து, முடிச்சை இரண்டாக வெட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெட்டுமுகத்தின் நிறம் எந்த இடத்தில் வேலை நின்றிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

நிறத்தைப் படிப்பதற்கு, உள்ளே நடப்பதைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் என்னும் நொதி, முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குள் உருவாகிறது. அது இரும்புப் புரதம், மாலிப்டினம்-இரும்புப் புரதம் என்னும் இரு பகுதிகளால் ஆனது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க 8 எலக்ட்ரான்களும், செல்லின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபியின் 16 மூலக்கூறுகளும் செலவாகின்றன. அத்தனை ஏடிபியையும் ஆக்கப் பாக்டீரியா சுவாசிக்க வேண்டும், சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனேஸோ ஆக்சிஜன் பட்டால் மீட்க முடியாதபடி கெட்டுவிடும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது, செடியே உருவாக்கும் லெக்ஹீமோகுளோபின். அது நொதி அன்று. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான இரும்புப் புரதம். ஆக்சிஜனைக் கட்டிப் பிடித்துக் கொண்டுபோய்ப் பாக்டீரியாவின் சுவாச நொதிகளிடம் சேர்த்துவிடுவதால், நைட்ரஜனேஸைச் சுற்றிக் கட்டற்ற ஆக்சிஜன் மிகச் சொற்பமாகவே இருக்கிறது. முடிச்சின் சிவப்புக்குக் காரணமான இந்தப் புரதத்தை 1939-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிடியோ குபோ அடையாளம் கண்டார்.

இவற்றைத் தாங்கி நிற்கும் வேறு நொதிகளும் உண்டு. இலையிலிருந்து வரும் சர்க்கரையைச் சுக்ரோஸ் சிந்தேஸ் உடைக்கிறது. அதிலிருந்து கார்பானிக் அன்ஹைட்ரேஸ், பெப் கார்பாக்சிலேஸ், மேலேட் டிஹைட்ரஜனேஸ் ஆகியவை சேர்ந்து, பாக்டீரியாவின் உணவாகிய மேலேட்டை ஆக்குகின்றன. பாக்டீரியா வெளிவிடும் அம்மோனியாவைச் செடியின் குளுட்டமின் சிந்தடேஸ் உடனுக்குடன் பிடித்துக்கொள்கிறது. உளுந்திலும் பாசிப்பயறிலும் அது மேலும் சில படிகள் கடந்து, சாந்தின் டிஹைட்ரஜனேஸ், யூரிகேஸ் ஆகிய நொதிகளின் வழியாக அலன்டாயின் போன்ற, நைட்ரஜனைச் சுமந்து செல்லும் யூரைடு என்னும் சேர்மங்களாகி இலைக்கு ஏறுகிறது. இந்த வரிசையில் எந்த ஒன்று தளர்ந்தாலும் இலை வெளிறும். ஆனால் தளர்ந்த இடத்துக்குத் தக்கபடி முடிச்சின் தோற்றம் மாறும்.

தோண்டுவதும் வெட்டுவதும்

செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சே இல்லை என்ற தவறான முடிவுக்கு வருவோம். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண் தானாகக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். கரிசல் மண்ணுக்கு இந்தப் பொறுமை கட்டாயம் தேவை. வெளிறிய இடத்தில் ஐந்தாறு செடிகளும், அதே வயலில் பச்சையாக நிற்கும் இடத்தில் ஐந்தாறு செடிகளும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஆணிவேரின் மேல்பகுதியில் இருக்கும் பருத்த முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டி, வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். நன்றாக வேலை செய்யும் முடிச்சின் நடுப்பகுதி ஆழ்ந்த இளஞ்சிவப்பாக இருக்கும். அதை நசுக்கினால் வரும் சாறு நகக்கண்ணில் சிவப்பாக ஒட்டும். வெட்டியவுடன் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் அந்தச் சிவப்பு பழுப்பேறிவிடும்.

விதைத்து இரண்டு வாரத்துக்குள் தோண்டுவதில் பயனில்லை. அப்போதைய முடிச்சுகள் சிறியனவாகவும் உள்ளே வெண்மையாகவும் இருப்பது இயல்பே. விதைச்சத்து தீர்ந்து, முடிச்சு வேலை தொடங்காத அந்த இடைவெளியில் செடி சற்று வெளிறுவதும் இயல்பே.

இலை மஞ்சளாக இருக்கிறது, ஆனால் அது தழைச்சத்துக் குறைவுதானா?

தழைச்சத்தாகிய நைட்ரஜனின் குறைவு அடியிலைகளில் தொடங்கும். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். நுனி இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். அதற்கும் வேர் முடிச்சுக்கும் தொடர்பில்லை, அந்தச் செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி.

வேரில் காணும் எல்லா வீக்கமும் முடிச்சு அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், வேர் அப்படியே இருக்கும். நூற்புழு உண்டாக்கும் வேர் வீக்கமோ வேரே உப்பியது; வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் இந்த வேறுபாட்டைப் பாராமல் "முடிச்சு நிறைய இருக்கிறது" என்று திருப்திப்பட்டுவிடுவது பெரிய இழப்பில் முடியும்.

முடிச்சே இல்லை, அல்லது விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கிறது

இது நைட்ரஜனேஸின் கோளாறு அன்று, அதற்கு முந்தைய கட்டத்தின் கோளாறு. வேர் சுரக்கும் ஃபிளேவனாய்டு என்னும் வேதிப்பொருள்களை உணர்ந்த பாக்டீரியா, தன் நொதிகளைக் கொண்டு நாட் காரணி என்னும் சமிக்ஞைப் பொருளை ஆக்குகிறது. அதைப் பெற்ற வேர்த்தூவி சுருள்கிறது. செடியின் பெக்டேட் லையேஸ் தன் செல்சுவரைத் தானே தளர்த்தி வழிவிடுகிறது. முடிச்சு இல்லையென்றால் பாக்டீரியா அங்கே இல்லை, அல்லது இருந்தும் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கவில்லை என்று பொருள்.

பாக்டீரியா இல்லாமற் போவதற்கு முதற்காரணம் விதை நேர்த்தியின் வரிசைதான். கார்பெண்டாசிம் போன்ற பூசணக்கொல்லியும், முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியாவாகிய ரைசோபியமும் ஒரே நாளில், ஒரே சாக்கின்மேல் கலக்கப்படுவதை இன்றும் காண முடிகிறது. பூசணக்கொல்லி கலந்து 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும். ஓர் எக்டேருக்கான விதைக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையின் மேல் சீராகப் படியுமாறு புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். "ஆறிய" என்ற சொல்லை வலியுறுத்துகிறேன். சூட்டுக் கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். சூப்பர் பாஸ்பேட்டோடு விதையைக் கலந்து விதைப்பதும் அதன் அமிலத்தால் அதே கேட்டைச் செய்யும்.

அடுத்தது பொட்டலம் வைக்கப்பட்ட இடம். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தூள் வடிவ ரைசோபியத்தின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை கடையில் வெயில் விழும் அலமாரியிலும், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் கட்டிய பையிலும் கரைந்துபோகும். வாங்கும்போது காலாவதி நாளோடு பயிரின் பெயரையும் படிக்க வேண்டும். சோயா மொச்சைக்குரிய பாக்டீரியா உளுந்துக்கு உதவாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாவை ஏற்பவை.

கரிசல் மானாவாரிக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் முன்பருவ விதைப்பில், விதைமேல் பூசிய பாக்டீரியா சூடேறிய புழுதியில் நாட்கணக்கில் கிடக்க நேர்கிறது. மழை வந்து விதை முளைக்கும்போது அதில் பெரும்பகுதி உயிரோடு இருப்பதில்லை. விதை நேர்த்தி செய்தும் பலனில்லை என்று சொல்பவர்கள் பலரின் வயலில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம். அத்தகைய நிலத்தில் எக்டேருக்கு 10 பொட்டலம், அதாவது 2 கிலோ ரைசோபியத்தை 25 கிலோ மக்கிய தொழு உரம், 25 கிலோ மணலோடு கலந்து, முதல் மழை பெய்து மண் நனைந்த பிறகு மாலை வேளையில் தூவுவது கூடுதல் நம்பிக்கை தரும்.

பாக்டீரியா இருந்தும் முடிச்சு இல்லையென்றால் மண்ணைச் சோதிக்க வேண்டும். உவர் மண்ணில் வேர்த்தூவி சரியாகச் சுருளாது. மழை மிகுந்த மலையடிவாரச் செம்மண்ணில் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே போயிருந்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைவால் சமிக்ஞையே எழாது; அங்கே சுண்ணாம்பு இடுவது முடிச்சுக்கும், பின்னர் சொல்லப்போகும் மாலிப்டினத்துக்கும் ஒருசேர உதவும். முந்தைய பயிருக்குப் போட்ட யூரியா நைட்ரேட்டாக மண்ணில் மிகுந்திருந்தாலும் செடி முடிச்சை வேண்டாம் என்று தானே தடுத்துவிடும். அப்போது இலை கரும்பச்சையாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை, காய் பிடிக்கும்போதுதான் பஞ்சம் தெரியும்.

முடிச்சுகள் ஏராளம், எல்லாம் சிறியவை, உள்ளே வெள்ளை

நான்கு வாரமாகியும் வெண்மை மாறவில்லையென்றால், வேருக்குள் நுழையத் தெரிந்தும் நைட்ரஜனை நிலைப்படுத்தாத நாட்டுப் பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே முதற்சந்தேகம். செடி அதற்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, பதிலுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நடப்புப் பயிரில் இதை மாற்ற வழியில்லை. 2 சதவீத டிஏபி உரக் கரைசலை இலைவழியாகக் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றிவிட்டு, அடுத்த பருவத்தில் தரமான ரைசோபியத்தை மிகுதியான எண்ணிக்கையில் விதையோடு இறக்கி, நாட்டுப் பாக்டீரியாவை முந்தச் செய்ய வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் மாலிப்டினக் குறைவு. நைட்ரஜனேஸின் மையக் கொத்து ஒவ்வொன்றிலும் 7 இரும்பு அணுக்களோடு ஒரே ஒரு மாலிப்டினம் அணு இருக்கிறது; அந்த ஓர் அணு இல்லாவிட்டால் நொதி இல்லை. யூரைடு ஆக்கும் சாந்தின் டிஹைட்ரஜனேஸுக்கும் மாலிப்டினமே வேண்டும். ஆனால் இந்தக் குறைபாடு அமில மண்ணுக்கு உரியது. மண்ணில் காரம் ஏற ஏற மாலிப்டினம் எளிதாகக் கிடைக்கும் என்பதால், கார அமில நிலை 8-ஐத் தொடும் கரிசலில் இதற்காகப் பணம் செலவழிப்பது வீண் என்றே கருதுகிறேன். செம்மண்ணிலும் மண் பரிசோதனை அறிக்கையில்லாமல் இடக் கூடாது. மாலிப்டினம் மிகுந்த தழையைத் தின்னும் மாட்டுக்குத் தாமிரக் குறைபாடு வரும். உளுந்துச் செடியைத் தீவனமாக்கும் நம் ஊரில் இதை நினைவில் கொள்ள வேண்டும். கோபால்ட்டும் நிக்கலும் பாக்டீரியாவுக்குத் தேவைதான்: கோபால்ட் இல்லாமல் பி12 வைட்டமினைச் சார்ந்த நொதிகள் இயங்கா, நைட்ரஜனேஸ் வெளிவிடும் ஹைட்ரஜனை மீட்கும் ஹைட்ரஜனேஸுக்கு நிக்கல் வேண்டும். ஆனால் அந்தத் தேவை மிக நுண்ணியது. அவற்றின் பெயரைச் சொல்லி விற்கப்படும் புட்டிகளைக் கடைசியில்தான் நினைக்க வேண்டும்.

நுனி இலை மஞ்சள், முடிச்சின் வெட்டுமுகம் வெளுத்த இளஞ்சிவப்பு

சுண்ணாம்புக் கரிசலில் அடிக்கடி காண்பது இது. மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் அதைக் கரையவிடுவதில்லை. இரும்பு இல்லாமல் லெக்ஹீமோகுளோபினின் ஹீம் உருவாகாது. நைட்ரஜனேஸின் இரு பகுதிகளும் உருவாகா. மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கொட்டினால் அதுவும் அங்கே கரையாத வடிவத்துக்கு மாறிவிடும் என்பதால், 0.5 முதல் 1 சதவீத அன்னபேதிக் கரைசலில் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்து மாலையில் இலைமேல் தெளித்து, பத்து நாள் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும். களர் மண்ணாக இருந்தால் ஜிப்சமும் தொழு உரமும் அடுத்த பருவத்துக்கு முன் இடத் தக்கவை.

உள்ளே நல்ல சிவப்பு, ஆனாலும் செடி வளரவில்லை

நொதிகள் அமைந்துவிட்டன, அவற்றுக்கு எரிபொருள் போதவில்லை. முதலில் ஏடிபியை ஆக்கத் தேவையான மணிச்சத்தை (பாஸ்பரஸை) பார்க்க வேண்டும். ஒரு நைட்ரஜனுக்கு 16 ஏடிபி செலவாகும் இடத்தில் மணிச்சத்துக் குறைவு மற்ற இடங்களைவிட முன்னதாகவே உறுத்தும். இலை சிறுத்து, மங்கிய கரும்பச்சையாக இருக்கும். நெல் தரிசு உளுந்தில் அடியுரம் இட வாய்ப்பே இல்லை. நிற்கும் நெல்லுக்குள், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதை தூவப்படுகிறது. அங்கே 2 கிலோ டிஏபியை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 100 லிட்டராக்கிப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மற்றொரு முறையும் தெளிப்பதே வழி. மானாவாரியில் விதைப்பின்போதே மணிச்சத்தை அடியில் இட வேண்டும்.

மணிச்சத்து போதுமானால் வறட்சியைப் பார்க்க வேண்டும். இலை வாடுவதற்கு முன்பே முடிச்சு வாடத் தொடங்குகிறது என்பதுதான் பயறு வகைகளில் கவனிக்கத்தக்கது. நீர் குறைந்ததும் முடிச்சில் சுக்ரோஸ் சிந்தேஸின் செயல் விரைவாகச் சரிகிறது. சர்க்கரை வந்தும் உடையாமல் நிற்க, மேலேட் குறைந்து பாக்டீரியா பட்டினி கிடக்கிறது. யூரைடை ஏற்றுமதி செய்யும் உளுந்தும் பாசிப்பயறும் இதில் கூடுதல் பாதிப்படைவன. இலையில் யூரைடு செலவாகாமல் தேங்க, அந்தத் தேக்கமே முடிச்சை மேலும் அடக்குகிறது. யூரைடை நம்பாத நிலக்கடலை அதே வறட்சியைச் சற்றுக் கூடுதல் நாள் தாங்குகிறது. கண்மாயிலோ கிணற்றிலோ ஒரு தண்ணீருக்கு வழியிருந்தால், அதைப் பூ எடுக்கும் சமயத்துக்கு ஒதுக்கிவைப்பது யூரியாவைவிடப் பெரிய தழைச்சத்து உரம். குறுகிய வறட்சி என்றால் ஈரம் பட்ட சில நாட்களில் முடிச்சு மீளும். நீண்டுவிட்டால் செடி முடிச்சுகளை உதிர்த்துவிடும்.

களை மூடி நிழல் கட்டிய வயலிலும், புழு இலையை அரித்த வயலிலும் சர்க்கரையே குறைவதால் இதே தோற்றம் வரும்.

தண்ணீர் நின்று வடிந்த பின் முடிச்சு பழுப்பாகி மெத்தென்று இருக்கிறது

ஐப்பசி, கார்த்திகைப் பெருமழைக்குப் பிறகு பள்ளக் கரிசலில் நேர்வது. தேங்கிய நீரில் ஆக்சிஜன் ஊடுருவாது. ஏடிபி நின்றுபோக, முடிச்சு அழுகுகிறது. வாய்க்கால் வெட்டி வடித்து, மேல்மண் காற்றோட்டம் பெறுமாறு களைக்கொட்டால் கிளறிவிட்டு, 2 சதவீத டிஏபி தெளித்தால், மேலே புதிதாகக் கிளைக்கும் வேர்களில் முடிச்சு மறுபடியும் வரும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். 70 நாள் பயிரில் அந்த இழப்பு முழுவதும் ஈடாவதில்லை. எனவே தாழ்ந்த நிலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து விதைப்பதை வற்புறுத்துகிறேன்.

முடிச்சின் தோல் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

கரிசல் துவரையில் பார்க்க வேண்டியது. ரிவெல்லியா என்னும் ஈயின் புழு முடிச்சுக்குள் புகுந்து தின்றுவிட்டு, வெற்றுக் கூட்டை விட்டுச்செல்கிறது. கூட்டில் நுண்ணிய துளை தெரியும். இது நொதிக் குறைபாடு அன்று என்பதால் எந்த நுண்ணூட்டமும் இதற்கு மருந்தாகாது.

உள்ளே பச்சை நிறம்

பூப்பதற்கு முன் பச்சை கண்டால் வறட்சியோ, நிழலோ, மிகுதியாகப் போட்ட யூரியாவோ முடிச்சை முன்கூட்டியே முதுமையாக்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். காய் முற்றும் பருவத்தில் கண்டால் அதில் பிழை ஏதுமில்லை. செடி சர்க்கரையைக் காய்க்குத் திருப்பிவிட்டது. லெக்ஹீமோகுளோபினின் ஹீம் சிதைந்து பச்சைநிறப் பொருளாக மாறியிருக்கிறது. அந்த நேரத்தில் எதையும் தெளிக்க வேண்டியதில்லை. அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்காமல் தரையொட்டி அரிவாளால் அறுத்தால், முடிச்சிலும் வேரிலும் மிஞ்சிய தழைச்சத்து அடுத்த கார் நெல்லுக்கு அந்த வயலிலேயே தங்கும்.